ஸ்லோவில் நிற்காத கார்

இயந்திரங்களைப் படைத்தவன் மனிதன்தான் என்றாலும், இயந்திரம் தன் உள்ளத்தைத் திறந்து பேசுவது கோடியில் ஒருவரிடம் மட்டுமே. அந்தக் கோடியில் ஒருவர் யார் என்பதில் பழைய வாகன உரிமையாளர் சங்கத்தின் முப்பத்தெட்டு உறுப்பினர்களுக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு அந்தக் கோடியில் ஒருவர், தன் வீட்டுக் கார் ஷெட்டில், அரைக்கால் சட்டையும் மூக்கு நுனியில் கிரீஸுமாகக் குனிந்து நின்று, தன் சொந்தக் காரிடம், "என்னதான் வேணும் உனக்கு? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கார் ஒருமுறை குலுங்கியது. பிறகு அணைந்துபோனது.

அவரை ஊரே மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் வேலை. நூல் சுற்றும் நானூறு கதிர்கள் ஒன்றாகச் சுழலும் கூடத்தின் நடுவில் நின்று, கண்ணை மூடி, கையை நீட்டி, "அந்த வரிசையில ஏழாவது, பேரிங் போகப்போகுது" என்பார். மறுநாள் போகும். போகாவிட்டால், மேஸ்திரி சொல்லிவிட்டாரே என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். இப்படியாக அந்தக் காது முப்பத்தோரு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஓய்வு பெற்றபின் காது கார்களின் பக்கம் திரும்பியது. சங்கத்து ஆட்கள் போனை என்ஜினுக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். மேஸ்திரி இந்தப் பக்கம் கேட்டுவிட்டு, "மூணாவது சிலிண்டர்" என்பார். சரியாக இருந்தால் அது காதின் மகிமை. தவறாக இருந்தால் போன் சரியில்லை.

இப்போது அந்தக் காதுக்குத்தான் சோதனை.

அவருடைய கார் நாற்பத்தெட்டு வயதான, வெளிர்ப் பச்சை நிற, நான்கு கதவு வண்டி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டும் அதன் பிறவிக் கார்புரேட்டர் தேய்ந்து ஓய்ந்துவிட்டது. செய்த கம்பெனியே இப்போது இல்லை. மனைவியின் தம்பி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். வேறு எங்கோ, வேறு யாரோ, அதே அளவுக்கு அச்சு அசலாகச் செய்கிற மாற்றுக் கார்புரேட்டரைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தான். சங்கத்தில் பதினோரு பேருக்கு அதே நோய். ஆகவே பதினோரு பேருக்கும் சேர்த்து வரவழைத்து அலமாரியில் அடுக்கியிருந்தான். ஆனால் பதினோரு பேரும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: மேஸ்திரி முதலில் மாட்டிப் பார்க்கட்டும், அவர் காது என்ன சொல்கிறதோ அதுதான். தீர்ப்பு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தில், மேடையில். அதே மேடையில் மேஸ்திரிக்கு ஒரு பட்டமும் உண்டு.

மேஸ்திரி திங்களன்று மாட்டினார். புதன் ஆகிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் ஓடுகிறது. காலை எடுத்தால் ஏறுகிறது, இறங்குகிறது, மூச்சு வாங்குகிறது, நின்றுவிடுகிறது. மெக்கானிக் பாஷையில் சொன்னால், ஸ்லோவில் நிற்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்று கேட்டபடி அவர் மனைவி ஷெட் வாசலில் வந்து நின்றாள். முன்னறையில் தையல் கடை அவளுக்கு. கழுத்தில் அளவு நாடா, உதட்டில் இரண்டு குண்டூசி.

"ஒண்ணும் ஆகல. இது சரக்கு சரியில்ல."

"தம்பி கொடுத்ததா?"

"உன் தம்பின்னு நான் சொன்னேனா? சரக்குன்னுதானே சொன்னேன்."

"திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க பாப்போம்."

அவள் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாலும் மேஸ்திரி பண்ணினார். கார் ஏறியது, இறங்கியது. மனைவி தலையைச் சாய்த்தாள். குண்டூசியை வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, "என்னமோ ஸ்ஸ்ஸ்னு வருதுங்க" என்றாள்.

"எங்க?"

"அந்தப் புது டப்பாவுக்கு அடியில."

மேஸ்திரி குனிந்தார். கண்ணை மூடினார். நூற்பாலைக் கூடத்தில் மூடிய அதே மூடல். என்ஜினின் அடித்தொண்டை உறுமல் கேட்டது, விசிறியின் சுழற்சி கேட்டது, வால்வுகளின் தடதடப்பு கேட்டது. ஸ்ஸ்ஸ் என்று ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் வரல. என்ஜின்னா மூச்சு விடத்தான் செய்யும். மூச்சு விடலேன்னாத்தான் பிரச்சினை."

"இல்லீங்க, காத்து பிடுங்கற மாதிரி..."

"இந்தா, நான் உன்கிட்ட வந்து காஜா எடுக்கறது எப்படின்னு சொல்றேனா?"

அவள் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது ஏதோ சொன்னாள். மேஸ்திரிக்குக் கேட்கவில்லை. கொஞ்ச வருடமாகவே ஒருவரும் வாயைத் திறந்து தெளிவாகப் பேசுவதில்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. வங்கியில் முணுமுணுக்கிறார்கள், செய்தி வாசிப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள், பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். ஒரு தலைமுறையே இப்படிச் சோம்பேறியாகிவிட்டதே என்று அவர் சங்கத்தின் மாத மலரில் ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறார்.

அன்று முழுக்கவும் மேஸ்திரி கார்புரேட்டரோடு மல்லுக்கட்டினார். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திறந்தார். அரைச் சுற்று மூடினார். எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோய், முழுக்க மூடிவிட்டு முதலிலிருந்து எண்ணினார். மேல் மூடியைத் திறந்து மிதவையின் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தார். சரியாகவே இருந்தது. அது அவருக்கு எரிச்சலைக் கொடுத்தது. பெட்ரோல் வருகிற ஊசி வால்வை வாயால் ஊதிப் பார்த்து, இரவு உணவுவரை நாக்கில் பெட்ரோலோடு திரிந்தார்.

வியாழக்கிழமை பிளக்குகளைக் கழற்றினார். நான்கின் நுனியும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை. பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று அதற்கு அர்த்தம். காற்று எங்கிருந்து அதிகமாக வருகிறது என்று ஒருவர் யோசிக்கலாம். பெட்ரோல் ஏன் குறைவாக வருகிறது என்றும் ஒருவர் யோசிக்கலாம். கார்புரேட்டர் மட்டமான சரக்கு என்று புதன்கிழமையே முடிவுகட்டிவிட்டவர் இரண்டாவதைத்தான் யோசிப்பார். பெட்ரோல் பாய்கிற ஜெட்டின் துளையைச் சிறிதாகப் போட்டிருக்கிறான் பயல், என்று மேஸ்திரி தீர்மானித்தார். முன்னறைக்குப் போனார். மனைவி ஒரு வாடிக்கையாளருக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஊசிப் பெட்டியிலிருந்து தடித்த ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, ஜெட்டின் துளையில் விட்டு, பல் குத்துகிற நிதானத்தோடு குடைந்து பெரிதாக்கினார்.

ஸ்டார்ட் செய்தார். ரேஸ் பண்ணினபோது பின்னால் கரும்புகை எழுந்து ஷெட்டை நிரப்பியது. காலை எடுத்தபோது கார் வழக்கம்போல நின்றது. ஆக, முன்பு ஒரு நோய் இருந்த இடத்தில் இப்போது இரண்டு.

அந்தப் புகை அடங்குவதற்குள் போன் அடித்தது. சங்கச் செயலாளர். தொழில் பல் வைத்தியம். பெயர் பல் டாக்டர். பற்களைப் பிடுங்குவதைவிட மேடையில் பேசுவதில்தான் அவருக்கு நாட்டம் என்பது இரண்டையும் அனுபவித்தவர்களின் கருத்து.

"மேஸ்திரி! பட்டம் முடிவாயிடுச்சு. பொற்செவிச் செம்மல். எப்படி?"

"எதுக்கு டாக்டர் அதெல்லாம்" என்றார் மேஸ்திரி. செம்மலுக்கு முன் ஒற்று வருமா என்று மட்டும் மனசு ஓடியது.

"கேடயத்துல பொறிச்சாச்சு, இனிமே மாத்த முடியாது. அப்புறம், அந்தக் கார்புரேட்டர்? பதினோரு பேரும் என்னைப் போட்டுப் பிராணனை வாங்கறாங்க. ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

மேஸ்திரி புகையைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை மேடையில சொல்றேன். ஆனா ஒண்ணு, டாக்டர். என் காதுக்கு அது ஒத்து வரல."

"போதும், போதும்! வேற என்ன வேணும்? உங்க காதுக்கு ஒத்து வரலேன்னா அது கார்புரேட்டரே இல்ல."

போனை வைத்தபின் மேஸ்திரிக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. சொன்னது பொய்யில்லை, ஆனால் உண்மை என்று அடித்துச் சொல்லவும் நாக்கு வரவில்லை. மச்சானின் அலமாரி கண்ணில் வந்தது. பதினோரு பெட்டிகள். அவன் அவற்றை வரவழைக்க எத்தனை கடிதம் எழுதினான் என்பது அவருக்குத் தெரியும். பாதிக்கு இவர்தான் வாசகம் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறன்று அவர் மேடையில் உதட்டைப் பிதுக்கினால் போதும், பதினொன்றும் அங்கேயே தூசி தின்னும். அவனால் அதற்குமேல் இந்த ஊரில் ஒரு வாஷர்கூட விற்க முடியாது.

ஆனால் காது ஒன்று சொன்னால் சொன்னதுதானே? அப்படிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டார். காது எதுவும் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். அதை அவர் யாரிடம் சொல்வது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூப்பிடாமலே மச்சான் வந்து நின்றான். அக்கா போன் பண்ணியிருக்கிறாள் என்று மேஸ்திரிக்கு உடனே புரிந்தது.

"என்ன மாமா, என் சரக்கைத் தூக்கில போடப்போறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. பல் டாக்டர் ஒரு பல்லைப் பிடுங்கறப்போ சொன்னாராம். அந்த ஆளு ரத்த வாயோட நேரா என் கடைக்கு வந்து, எனக்கு வேணாம்னு சொல்லிட்டுப் போறான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க மாமா."

மேஸ்திரி ஸ்டார்ட் செய்தார். மச்சான் பானட்டுக்குள் குனியக்கூட இல்லை. நான்கு அடி தள்ளி நின்று, மூன்று எண்ணுகிற நேரம் கேட்டான்.

"காத்து இழுக்குது."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள் வாசலில் நின்ற அக்கா.

"கார்புரேட்டருக்கு அடியில, அந்த மூலையில. எவ்வளவு சத்தமா விசிலடிக்குது! கேக்கலையா மாமா?"

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். மேஸ்திரி கண்ணை மூடினார். திறந்தார்.

"கேக்குது" என்றார்.

மச்சான் ஈரத் துணியை எடுத்து, கார்புரேட்டரின் அடிப்பாகத்தில், அது என்ஜினோடு உட்காரும் இடத்தில், அழுத்தினான். என்ஜின் உடனே ஒரே சீராக ஓடத் தொடங்கியது. துணியை எடுத்தான், மறுபடி ஏறி இறங்கி அணைந்தது. சாட்சி, விசாரணை எல்லாம் அவ்வளவுதான்.

"இடுக்குல வெக்கற பேக்கிங் தாள் வழியா காத்து உள்ள போகுது. டப்பாவிலேயே ஒரு தாள் இருந்திருக்குமே, அதைத்தானே போட்டீங்க?"

"அது மெலிசா இருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டு நானே தடிச்ச அட்டையில வெட்டினேன்."

"எதை வெச்சு அளவு எடுத்தீங்க?"

"பழைய கார்புரேட்டரை வெச்சுத்தான்."

மச்சான் கருவிப் பெட்டியைத் திறந்து பக்கவாட்டு நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான். கார்புரேட்டரைத் தூக்கிக் கவிழ்த்து, ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான்.

"மாமா. இந்த ஜெட்டை யாரு குடைஞ்சது?"

மேஸ்திரி ஷெட்டின் கூரையைப் பார்த்தார். மனைவி திடீரென்று, "என் ஒன்பதாம் நம்பர் ஊசி ரெண்டு நாளா காணோம்" என்றாள்.

"கடையில வேற ஜெட் இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்றான் மச்சான். கையைத் துடைத்தான். பெட்டியிலிருந்து ஒரு முழ நீளக் கறுப்பு ரப்பர் குழாயை எடுத்து என்ஜின் மேல் வைத்தான். "அதுவரைக்கும் நீங்க வெட்டின தாளையே வெச்சு மறுபடி மாட்டி, இதை ஒரு பக்கம் காதுல வெச்சு, இன்னொரு பக்கத்தால அந்த விளிம்பு பூரா தடவிப் பாருங்க. எந்த இடம்னு துல்லியமாத் தெரிஞ்சுடும். உங்களுக்கு இது தேவைப்படாது. சும்மாதான்."

சும்மாதான் என்ற அந்தச் சொல்லில் கிண்டல் இருந்ததா மரியாதை இருந்ததா என்று மேஸ்திரியால் பிரித்தறிய முடியவில்லை. மச்சான் போய்விட்டான். மனைவி உள்ளே போனாள். மேஸ்திரி கார்புரேட்டரை மாட்டினார். குடைந்த ஜெட்டோடுதான், வேறு வழியில்லை. ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டர் கம்பியைக் கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு, குழாயின் ஒரு நுனியை வலது காதில் வைத்தார். மறு நுனியால் விளிம்பைத் தடவினார்.

முன் மூலை: ஒன்றுமில்லை. பக்கம்: ஒன்றுமில்லை. பின் மூலைக்கு வந்ததும் குழாய்க்குள் ஏதோ ஒன்று, மூன்றாவது வீட்டில் யாரோ குழாயைத் திறந்து விட்டதுபோல, மிக மெலிதாக ஸ்ஸ்ஸ் என்றது.

குழாயைக் காதிலிருந்து எடுத்தார். போய்விட்டது.

வைத்தார். வந்தது. எடுத்தார். போய்விட்டது. இடது காதில் வைத்தார். அங்கே வரவே இல்லை. மறுபடி வலது.

கார் அணைந்தது. அவர் ஸ்டார்ட் செய்யவில்லை. குழாயைக் கையில் பிடித்தபடி பம்பரில் உட்கார்ந்தார். மச்சான் நான்கு அடி தள்ளி நின்று கேட்டான். அவள் வாசலில் நின்று, அதுவும் புதன்கிழமையே கேட்டாள்.

நூற்பாலையில் சேர்ந்த புதிதில், ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் சாயங்காலம்வரை காதுக்குள் ஒரு ரீங்காரம் இருக்கும். பழகிடும் என்று அப்போதைய மேஸ்திரி சொன்னார். பழகிவிட்டது. பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொள்ளச் சொல்லி நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அடைத்துக்கொண்டவர்கள் சாதாரணத் தொழிலாளிகள். காதால் பெயர் வாங்கியவன் காதை அடைத்துக்கொண்டு எப்படி நிற்பது? முப்பத்தோரு வருடம் அவர் திறந்த காதோடு நின்றார். அங்கே கதிர்கள் சுழன்றன, இவருடைய காதிலிருந்து ஒவ்வொரு சத்தமாக நூல் உருவுவதுபோல உருவிக்கொண்டே போயிருக்கின்றன. மெலிதானதிலிருந்து ஆரம்பித்திருக்கின்றன. அதனால் தெரியவில்லை. இல்லாமல்போன சத்தம் போய்விட்டேன் என்று சொல்லிவிட்டா போகும்?

அப்புறம் ஒன்று நினைவு வந்தது, அதுதான் அவரை அதிகம் உறுத்தியது. முணுமுணுக்கிற தலைமுறை பற்றிய அந்தக் கட்டுரைக்கு நாற்பது பேர் பாராட்டுக் கடிதம் எழுதியிருந்தார்கள். எல்லோரும் அறுபது தாண்டியவர்கள்.

மனைவி தேநீரோடு வந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"இந்தா, புதன்கிழமை நீ என்னமோ சொல்லிட்டு உள்ள போனியே. என்ன சொன்னே?"

"எப்போ?"

"காஜா எடுக்கறதைப் பத்தி நான் சொன்னப்போ."

அவள் யோசித்தாள். "டீ வேணுமான்னு கேட்டேன். நீங்க பதில் சொல்லல. கோவமாக்கும்னு விட்டுட்டேன்."

மேஸ்திரி தேநீரைக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "எனக்கு அந்தச் சத்தம் கேக்கல" என்றார்.

"தெரியும்."

"தெரியுமா? எத்தனை நாளா?"

"நாளா? வருஷக்கணக்கா. நான் ஏன் இப்படிக் கத்திக் கத்திப் பேசறேன்னு நினைச்சீங்க? நம்ம வீட்டுல என்ன சமையல்னு எதிர் வீட்டுல கேட்டாச் சொல்லுவாங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. கேக்கலையே உங்களுக்கு."

மச்சான் ஜெட்டோடு வந்தபின், மூன்று பேரும் கார்புரேட்டரை மேசை மேல் கவிழ்த்து வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனைவி மேஸ்திரி வெட்டிய அட்டையை எடுத்து அதன்மேல் வைத்தாள். நான்கு துளையும் பொருந்தின. பின் மூலையில் மட்டும், புதிய கார்புரேட்டரில் ஒரு சின்ன வாய்க்கால் விளிம்புவரை ஓடியது. பழையதில் அது கிடையாது. அட்டை அங்கே ஒரு நெல் அகலத்துக்குக் குறைந்தது.

"பழைய ஆளோட அளவுச் சட்டையை வெச்சுப் புது ஆளுக்கு வெட்டினா அக்குள்ல பிடிக்காம என்ன செய்யும்?" என்றாள். கார்புரேட்டரைத் துடைத்து, பேக்கிங் தாளின் மேல் வைத்து, தையல் சாக்குக்கட்டியால் சுற்றி வரைந்து, தன் கத்தரிக்கோலாலேயே வெட்டினாள். காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும் என்று இருபது வருடமாக யாரையும் தொடவிடாத கத்தரிக்கோல்.

அன்று ஏழு மணிக்குக் கார் ஸ்லோவில் நின்றது. நின்றது என்றால் அப்படி ஒரு நிற்பு. ஏர் கிளீனர் மூடி மேல் மனைவி ஒரு சட்டைப் பொத்தானை வைத்தாள். அது அசையாமல் கிடந்தது.

"சரி மாமா" என்றான் மச்சான். "ஞாயித்துக்கிழமை என்ன சொல்லப்போறீங்க?"

"உள்ளதைச் சொல்றேன்."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா பொத்தானைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் முப்பத்தெட்டு உறுப்பினர்கள், அவர்களைக் கட்டாயத்தின் பேரில் பின்தொடர்ந்த குடும்பங்கள். பல் டாக்டர் நாற்பது நிமிடம் பேசினார். சக்கரத்தில் தொடங்கி, நெருப்பைத் தொட்டு, நீராவியைக் கடந்து, மேஸ்திரியின் காதுமடலுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு குழந்தை தூங்கிவிட்டது, இரண்டு உறுப்பினர்களும். பிறகு மேஸ்திரியின் கையில் கேடயத்தைக் கொடுத்து, மைக்கை நீட்டினார். பதினோரு பேர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்கள். மச்சான் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

மேஸ்திரி இரண்டு நாளாகத் தயார் செய்திருந்தார். எழுதிக்கூட வைத்திருந்தார். படிக்கவில்லை.

"கார்புரேட்டர் நல்லா இருக்கு" என்றார். "தப்பு என்னோடது. நான் வெட்டின பேக்கிங் தாள் அளவு குறைச்சல். அதுல காத்து இழுத்துச்சு. அந்தச் சத்தத்தை என் வீட்டுக்காரி கேட்டா, என் மச்சான் கேட்டான். எனக்குக் கேக்கல. ரப்பர் குழாயை வெச்சப்புறம்தான் கொஞ்சம் கேட்டுச்சு. எனக்குக் காது போயிடுச்சு. மில்லுல போயிருக்கு. ரொம்ப நாளாச்சு. நீங்க போன்ல கேட்டப்போ நான் சொன்னதெல்லாம் பாதி குத்துமதிப்பு. இந்தக் கேடயத்தை நான் வாங்கிக்கறது முறையில்ல."

அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. கேட்கிறவர்களுக்கு.

பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்தார். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தழுதழுத்த குரலில், "பார்த்தீர்களா!" என்றார். "இதுதான் தன்னடக்கம்! கட்டின மனைவிக்கும் மச்சானுக்கும் பெருமையை விட்டுக்கொடுக்கிற இந்த மனசு யாருக்கு வரும்? நிறைகுடம்!"

கைதட்டல் அரங்கைத் தூக்கியது. அந்தச் சத்தம் மட்டும் மேஸ்திரிக்கு நன்றாகவே கேட்டது. "இல்ல டாக்டர், நிஜமாவே..." என்றார். கைதட்டல் இன்னும் கூடியது. தூங்கிய இரண்டு உறுப்பினர்களும் எழுந்து நின்று தட்டினார்கள்.

பதினோரு பேரும் அன்றே மச்சானின் கடைக்குப் போனார்கள். மேஸ்திரி இறங்கி வருகையில் ஒருவர் ஓடிவந்து, போனில் பதிவு செய்த என்ஜின் சத்தத்தை அவர் காதருகே பிடித்தார். "கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன், சார்."

"எனக்குக் கேக்காதுங்க. மேடையில சொன்னேனே."

"புரியுது சார், புரியுது. இன்னைக்குக் களைப்பா இருப்பீங்க. நாளைக்கு அனுப்பறேன்."

காரில் ஏறிக் கதவைச் சாத்தியபின், மனைவி உரக்க, தெளிவாக, "சொல்லிட்டீங்க. அவங்க காது கேக்கலேன்னா அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்றாள். அவர் கேடயத்தைப் பின்சீட்டில் எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்தார்.

அடுத்த வாரம் அவளே அவரைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். வெளி ஒலி வராத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவர் ஆரம்பத்தில் உற்சாகமாக அழுத்தினார். பிறகு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஏதோ குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். சத்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவளுடைய முகத்திலிருந்து அவருக்குப் புரிந்தது. ஒருமுறை, கேட்காமலே, மரியாதைக்காக அழுத்தினார். அவள் தலையை ஆட்டினாள். இல்லை, இப்போ எதுவும் விடலை என்று.

வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். கோடு இடது பக்கம் சமமாகப் போய், நடுவில் மலையிலிருந்து விழுந்ததுபோல விழுந்தது.

"மில்லுல வேலை பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"எப்படித் தெரியும்?"

"கோட்டைப் பார்த்தாலே தெரியும் சார்."

மேஸ்திரி அவளை மரியாதையோடு பார்த்தார்.

காது மெஷின் தயாராகப் பத்து நாள் ஆனது. ஒரு மொச்சைக்கொட்டை அளவு, காதுக்குப் பின்னால். அதைப் பொருத்திக்கொண்டு வெளியே வந்தபோது உலகம் முழுக்க யாரோ காகிதத்தைக் கசக்குவதுபோல இருந்தது. தன் செருப்புத் தேய்கிற சத்தம் கேட்டது. மனைவியின் சேலை சரசரத்தது. அவள் சாதாரணக் குரலில், "கேக்குதா?" என்றாள், இத்தனை வருடம் கத்தியதில் அந்தக் குரல் அவளுக்கே மறந்திருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, முகத்தைக் காட்டாமல் குனிந்து காரில் ஏறினார்.

ஸ்டார்ட் செய்தார். என்ஜின் பூனைபோல மெல்ல ஓடியது. ஸ்ஸ்ஸ் இல்லை, இப்போது இல்லையென்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. வண்டியை எடுத்து, தெருமுனையில் இடப்பக்கம் திரும்பி, பெரிய சாலையில் நூறு கஜம் போனதும் அவர் முகம் மாறியது.

"இது என்ன சத்தம்?"

"எது?"

"டிக், டிக், டிக்னு. உனக்குக் கேக்கலையா?"

"கேக்குதே. இந்தக் கார்ல நான் ஏறின நாள்லேருந்து வர்ற சத்தம்தான் அது. அப்பப்ப வரும், அப்பப்ப நிக்கும்."

"இத்தனை வருஷமாவா? சொல்லியிருக்கக் கூடாதா?"

"கார்னா அப்படித்தான் பேசும்போலன்னு நினைச்சேன்."

மேஸ்திரி வண்டியை ஓரமாக நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். டிக் டிக் நின்றது. ஸ்டார்ட் செய்தார். வந்தது. ஆக, சந்தேகமில்லை, என்ஜினோடு சேர்ந்த வியாதிதான். கண்ணை மூடினார். வால்வு இடைவெளி, என்றது காது; இரண்டாவது சிலிண்டர். எத்தனை வருடத்துக்குப் பிறகு காது தானாக ஒன்று சொல்கிறது! சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பானட்டைத் திறந்து, சாலையோரத்திலேயே வால்வு மூடியைக் கழற்றி, மனைவியின் மடியில் துணி விரித்து நட்டுகளை வரிசையாக அடுக்கினார். எட்டு வால்வையும் சரிபார்த்தார். எல்லாம் அளவாகவே இருந்தன. ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து மச்சானுக்குப் போன் போட்டார்.

மச்சான் வந்தான். வால்வு மூடி திறந்தே கிடந்தது. அவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் ஒரு சுற்று திருப்பினான். டிக், டிக், டிக் என்றது.

இடது இண்டிகேட்டர் எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது.